கொலஸ்ட்ரோல் குளிசையும் நமது சாப்பாடும்

கொலஸ்ட்ரோலுக்குக் குளிசை போடுகிறவர்கள் இன்று நமது லயங்களிலும் இருக்கிறார்கள். வன்னியிலுள்ள நமது சொந்தக்காரர் வீடுகளிலும் இருக்கிறார்கள். அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கிற மருந்து இது. ஆனால் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும்போது, அதோடு எதைச் சாப்பிடலாம், எதைக் குறைக்க வேண்டும் என்று ஆறுதலாக விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டு வைத்தியம் நுழைந்துவிடுகிறது. ஆகவே இம்முறை சுகாதாரப் பாடத்தை இதற்கு ஒதுக்கியுள்ளோம்.

பாடத்துக்கு உதாரணமாக வன்னியை எடுத்துக்கொள்கிறோம். 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோதும், 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னரும் மலையகத்தை விட்டுப் போய்க் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் குடியேறிய நமது குடும்பங்கள் ஏராளம். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் என்று பேர் சொன்னதும், “அங்க நம்ம மாமா வீடு இருக்கு” என்று சொல்கிற பெரியவர்கள் நம்மிடையே இன்னும் உண்டு. திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் கருமாதிக்கும் போய் வருகிறோம். போகும்போது தேயிலைத் தூள், கரட், லீக்ஸ், வீட்டுப் பக்கத்து ஜம்போளை கொண்டுபோகிறோம். வரும்போது ஒடியல், பனங்கிழங்கு, குரக்கன் மா, கருவாடு கொண்டு வருகிறோம். இந்தப் பைகளில் உள்ள சாமான்கள் பலவும் இன்றைய பாடத்தில் வருகின்றன.

குளிசை போடுகிறவர்களிடம் இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. “அதான் குளிசை போடுறேனே, என்னத்த தின்னா என்ன?” என்பது ஒன்று. “நான் குரக்கன் திங்கிறேன், வெள்ளைப்பூடு திங்கிறேன், குளிசை எதுக்கு?” என்பது மற்றது. இரண்டுமே பிழை. ஏன் பிழை என்று விளங்க, முதலில் ஈரலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஈரலில் நடப்பது

கொலஸ்ட்ரோல் நஞ்சு அல்ல. உடம்பின் ஒவ்வொரு கலத்துக்கும் அது வேண்டும். அதில் பெரும்பங்கை உடம்பே தயாரித்துக்கொள்கிறது; சாப்பாட்டிலிருந்து நேராக வருவது சிறுபங்குதான். தயாரிப்பில் ஈரலுக்கு முக்கிய இடம் உண்டு. இரத்தத்தில் எல்.டி.எல். என்ற வகை கூடினால் அது இரத்தக் குழாயின் உட்சுவரில் படிந்து, குழாய் ஒடுங்கி, ஒருநாள் மாரடைப்பு வருகிறது, அல்லது பாரிசவாதம் வருகிறது.

இதற்குக் கொடுக்கும் குளிசைகள் பெரும்பாலும் ஸ்டடின் என்ற இனத்தைச் சேர்ந்தவை. இந்த மருந்து கண்டுபிடித்த கதை வன்னி விவசாயிக்கு ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் அது அரிசியிலிருந்து தொடங்கியது. ஜப்பானில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, 1971 முதல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சண வகைகளைச் சோதித்துப் பார்த்தார். கியோட்டோ நகரத்து அரிசியில் பிடித்திருந்த ஒரு பூஞ்சணத்தில், 1973இல், ஈரலின் கொலஸ்ட்ரோல் தயாரிப்பைத் தடுக்கும் பொருளைக் கண்டார். அந்த வழியில் வந்த முதலாவது குளிசை 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. எண்டோ 2024இல் தொண்ணூறாவது வயதில் காலமானார். (இதைப் படித்துவிட்டுப் பூஞ்சணம் பிடித்த அரிசி நல்லது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அது வேறு வருத்தங்களைக் கொண்டுவரும்.)

குளிசை போட்டதும் ஈரலின் சொந்தத் தயாரிப்பு குறைகிறது. அப்போது ஈரல் தனக்கு வேண்டியதை இரத்தத்திலிருந்து எடுக்கப் பார்க்கிறது. அதற்காகத் தன் மேற்புறத்தில் கூடுதலாக வாசல்களைத் திறக்கிறது. அந்த வாசல்களின் வழியே எல்.டி.எல். உள்ளே இழுக்கப்பட, இரத்தத்தில் அதன் அளவு இறங்குகிறது. மருந்தின் வேலை முழுவதும் இந்த வாசல்களில்தான் தங்கியிருக்கிறது.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். தேங்காய் எண்ணெய், நெய், பட்டர், இறைச்சிக் கொழுப்பு, முழு ஆடைப் பால்மா ஆகியவற்றில் நிரம்பிய கொழுப்பு என்ற வகை அதிகம். இந்தக் கொழுப்பு கூடினால் ஈரல் அதே வாசல்களைக் குறைத்துவிடுகிறது. அதாவது இரவில் குளிசை திறக்கிற வாசலை, மத்தியானம் சாப்பிட்ட பால்கறி மூடப் பார்க்கிறது. குளிசை வேலை செய்யாமல் போகாது. ஆனால் முழுப் பலனும் வராது. கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர் குளிசையின் அளவைக் கூட்டுவார். கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் ஸ்டடின் குளிசையின் அளவை இரட்டிப்பாக்கினாலும் எல்.டி.எல். மேலதிகமாகக் குறைவது ஏறத்தாழ 6 வீதம் மட்டுமே. பயறு, போஞ்சி போன்றவற்றிலுள்ள கரையும் நாரை நாளொன்றுக்கு 5 முதல் 10 கிராம் வரை சேர்த்துக்கொண்டால் குறைவது சுமார் 5 வீதம். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய குளிசைக்குப் போகாமல் கறிச்சட்டியிலேயே கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்துகொள்ளலாம்.

ஆனால் கறிச்சட்டி மட்டும் போதுமா என்றால், இல்லை. ஸ்டடின் குளிசை எல்.டி.எல்.லை 30 முதல் 50 வீதம் வரை குறைக்கக்கூடியது. குரக்கனும் வெள்ளைப்பூடும் அவ்வளவு குறைக்காது. 1994இல் வெளிவந்த ஸ்கன்டிநேவிய நாடுகளின் ஆய்வில், இருதய நோயுள்ள 4,444 பேரில் ஒரு பாதிக்குச் சிம்வாஸ்டடினும் மறு பாதிக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்து ஐந்து வருடங்களுக்கு மேல் கவனித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் மரணம் 30 வீதம் குறைவாக இருந்தது. இரு பகுதியினருக்கும் சாப்பாட்டுப் புத்திமதி ஒன்றுதான். ஆகவே ஒருமுறை மாரடைப்பு வந்தவர், “றிப்போட் நல்லா வந்திருக்கு” என்று குளிசையைத் தானாக நிறுத்துவது பெரிய ஆபத்து. றிப்போட் நன்றாக வந்ததே குளிசையால்தான்.

தேங்காய்

தேங்காயைப் பற்றிப் பேசினால் நமது வீட்டுப் பெண்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். வன்னியிலே சொதி, பால்கறி, புட்டு. மலையகத்திலே ரொட்டி, சம்பல். தேங்காயில்லாமல் சமையல் எங்கே? “பாட்டன் காலத்துலேருந்து தின்னதுதானே” என்பார்கள். உண்மைதான். ஆனால் பாட்டன் காலத்தில் கொலஸ்ட்ரோலை யார் அளந்து பார்த்தது? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரைக் காற்று அடித்துவிட்டது, பேய் அடித்துவிட்டது என்றுதானே சொன்னோம்?

தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பு. அதை அடியோடு விடச் சொல்ல நாங்கள் வரவில்லை. சொன்னாலும் யாரும் கேட்கமாட்டீர்கள். ஒரு கறிக்கு மட்டும் பால் விடுங்கள், மற்றக் கறியைத் தண்ணீரிலேயே வையுங்கள். முதற்பாலைத் தவிர்த்து இரண்டாம் பாலில் சொதி வைக்கலாம். தாளிக்கிற எண்ணெயைப் போத்தலோடு சரிக்காமல் கரண்டியால் அளந்து விடுங்கள். பொரித்த எண்ணெயை மூன்று நாளைக்கு வைத்து வைத்துப் பொரிப்பதை மட்டும் கட்டாயம் விட்டுவிட வேண்டும். பஸ் நிலையக் கடைகளில் விற்கும் பற்றிஸ், ரோல்ஸ், வடை எந்த எண்ணெயில் எத்தனையாம் தடவை பொரித்தவை என்று கடைக்காரருக்கே நினைவிருக்காது.

வன்னிச் சாப்பாட்டில் நல்லது நிறைய இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பயறு, கௌபி, உளுந்து, குரக்கன் எல்லாம் அந்த மண்ணில் விளைபவை. ஒடியல் கூழில் போடுகிற பயற்றங்காய், கீரை, சிறுமீன் எல்லாமே நல்ல சாப்பாடு. இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளத்து மீனும், கடற்கரையில் வாங்கும் சாளை, சூடை போன்ற சிறு மீனும் ஆட்டிறைச்சியை விடப் பல மடங்கு மேல். நந்திக்கடல் இறாலைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இறாலில் கொலஸ்ட்ரோல் இருப்பது உண்மை, ஆனால் நிரம்பிய கொழுப்பு மிகக் குறைவு. எப்போதாவது ஒருநாள் குழம்பு வைத்துச் சாப்பிடலாம். அதை எண்ணெயில் பொரித்துத் தேங்காய்ப் பாலில் பிரட்டும்போதுதான் காரியம் கெடுகிறது. முட்டையும் அப்படியே, டாக்டர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் நாளுக்கு ஒன்று பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினையில்லை. கருவாட்டில் பயப்பட வேண்டியது கொழுப்புக்கு அல்ல, உப்புக்கு. கொலஸ்ட்ரோலோடு பிரஷரும் உள்ளவர்கள் கருவாட்டைக் குறைக்க வேண்டும்.

எந்தப் பழம் கூடாது?

மருந்தோடு நேராக மோதுகிற பழம் என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டு. வெளிநாட்டில் அதைக் கிரேப்ஃப்ரூட் என்கிறார்கள். நமது ஜம்போளையும் தோடம்பழமும் கலந்து உண்டான இனம் அது. கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளர், பிரஷர் குளிசை ஒன்றோடு மதுபானம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று சோதித்தபோது, மதுவின் சுவை தெரியாமலிருக்க இந்தப் பழச்சாற்றில் கலந்து கொடுத்தார். மருந்தின் அளவு இரத்தத்தில் எதிர்பாராத விதமாக ஏறிவிட்டது. ஏற்றியது மது அல்ல, பழச்சாறு என்று பிறகு தெரிந்து, 1991இல் அதை வெளியிட்டார்.

காரணம் இதுதான். நமது குடலின் உட்சுவரில் ஒரு நொதியம் இருக்கிறது. விழுங்கும் மருந்தில் ஒரு பகுதியை அது அங்கேயே அழித்துவிடும். அதைக் கணக்குப் பார்த்துத்தான் குளிசையின் அளவைத் தீர்மானித்திருக்கிறார்கள். கிரேப்ஃப்ரூட்டிலும் ஜம்போளையிலும் உள்ள ஒரு பொருள் அந்த நொதியத்தைச் செயலிழக்கச் செய்கிறது. மருந்து அழியாமல் முழுவதும் உள்ளே போகிறது. ஒரு குளிசை போட்டால் மூன்று நான்கு குளிசை போட்ட மாதிரி. சிம்வாஸ்டடின் குளிசையில் செய்த ஒரு சோதனையில், நாளுக்கு ஒரு கிளாஸ் சாறு வீதம் மூன்று நாள் குடித்தவர்களின் இரத்தத்தில் மருந்து மூன்றரை மடங்குக்கு மேல் ஏறியது. “காலையில பழம், ராத்திரி குளிசை” என்று நேரம் பிரித்துவிட்டாலும் தப்ப முடியாது. குடல் புதிய நொதியத்தைத் தயாரிக்க ஒன்றிரண்டு நாள், சிலவேளை மூன்று நாளும் ஆகும்.

எல்லா ஸ்டடினும் ஒன்றல்ல. சிம்வாஸ்டடின் போடுகிறவர்கள் ஜம்போளையைத் தொடாமல் இருப்பதே நல்லது. கிளினிக்குகளில் இப்போது அதிகம் கொடுக்கிற அட்டோவாஸ்டடினுக்குப் பாதிப்பு அதைவிடக் குறைவு. எப்போதாவது ஒன்றிரண்டு சுளை தின்றால் விபரீதம் வராது, ஆனால் தினமும் ஒரு பழம், ஒரு ஜக் சாறு என்று போகக் கூடாது. ரோசுவாஸ்டடின், பிரவாஸ்டடின் போடுகிறவர்களுக்கு இந்தப் பழத்தால் தொல்லை இல்லை. உங்கள் குளிசை எது என்று எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சிறிய உறையில் பேர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆகவே வன்னிக்குப் போகும்போது மாமாவுக்கு ஆசையாக ஜம்போளை கொண்டுபோகிறவர்கள், மாமா என்ன குளிசை போடுகிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

“கிரேப்” என்ற சொல்லைக் கேட்டுத் திராட்சையை விட்டவர்களும் உண்டு. திராட்சையில் இந்தக் குற்றம் இல்லை. சாதாரண இனிப்புத் தோடம்பழம், கறிக்கு விடுகிற தேசிக்காய்ப்புளி, வாழைப்பழம், பப்பாசி, கொய்யா, விளாம்பழம், பாலைப்பழம் எதையும் ஸ்டடினுக்காக ஒதுக்க வேண்டியதில்லை. கசப்புத் தோடை வகையில் மட்டும் ஜம்போளையில் உள்ள பொருள் உண்டு. வெள்ளைப்பூடு (வன்னியில் உள்ளி என்பார்கள்), வெந்தயம், இஞ்சி கறிக்குப் போடும் அளவில் எந்தத் தீங்கும் செய்யாது. நாம் பறிக்கிற தேயிலையும் குற்றவாளி அல்ல. பச்சைத் தேயிலைச் சாரம் ரோசுவாஸ்டடின் உடம்பில் சேர்வதைக் கொஞ்சம் குறைப்பதாக ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அதனால் குளிசையைத் தேத்தண்ணியில் விழுங்காமல் பச்சைத் தண்ணீரில் விழுங்குங்கள். அவ்வளவுதான். மலச்சிக்கலுக்கு இசப்கோல் போன்ற நார்த்தூள் குடிக்கிறவர்கள் குளிசைக்கும் அதற்கும் இடையில் சில மணி நேரம் விட வேண்டும்.

பழத்தைப் போலவே அந்த நொதியத்தைத் தடுக்கிற மருந்துகளும் இருக்கின்றன. நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் அவற்றில் முக்கியமானவை. காய்ச்சலுக்கு வேறு டாக்டரிடம் போனால், “நான் கொலஸ்ட்ரோல் குளிசை போடுறேன் டாக்டர்” என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.

குடியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. கசிப்போ சாராயமோ கள்ளோ, கூடினால் ஈரல் கெடும்; குளிசை வேலை செய்வதும் அதே ஈரலில்தான். கொழுப்புக் கரைக்கும் தூள், கஷாயம் என்று பேர் ஒட்டாமல் விற்பவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கும் தெரியாது. வவுனியா மாவட்டம் சிறுநீரக நோய் பரவியுள்ள பகுதிகளில் ஒன்று. சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சில ஸ்டடின்களின் அளவையே டாக்டர் குறைக்க வேண்டிவரும். அவர்கள் இப்படியான தூள்களின் பக்கமே போகக் கூடாது.

உடம்பு வலி

நமது ஆட்களுக்கு மிகவும் முக்கியமான பகுதி இது. ஸ்டடின் சிலருக்குத் தசை வலியைக் கொடுக்கும். இதை ஒருவர் சொல்ல, பத்துப் பேர் குளிசையை விட்டுவிடுகிறார்கள். ஆனால் நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கிறவருக்கும், வன்னியில் குனிந்து களை பிடுங்கி நெல் மூட்டை தூக்குகிறவருக்கும் உடம்பு வலிக்காத நாள் ஏது? 2020இல் இங்கிலாந்தில், வலியென்று ஸ்டடினை விட்ட 60 பேரைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். சில மாதம் மருந்துக் குளிசை, சில மாதம் மருந்தில்லாத வெற்றுக் குளிசை, எது எதுவென்று அவர்களுக்குத் தெரியாது. வெற்றுக் குளிசை போட்ட மாதங்களிலும் ஏறத்தாழ அதே அளவு வலி இருந்ததாகச் சொன்னார்கள்.

அதற்காக எல்லா வலியையும் “வேலை வலி” என்று தள்ளிவிடவும் கூடாது. வேலை வலி பெரும்பாலும் பாரம் தூக்கிய பக்கத்தில் இருக்கும், ஒருநாள் ஓய்வெடுத்தால் இறங்கும். மருந்தால் வரும் வலி இரண்டு தொடைகளிலும், இரண்டு தோள்களிலும் ஒரேமாதிரி வரும். குளிசை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய வாரங்களில் ஆரம்பிக்கும். லீவு நாளிலும் போகாது. குந்தியிருந்து எழும்ப முடியாமல், படி ஏற முடியாமல் பலவீனமாக இருந்தால் கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும். அதோடு சிறுநீர் சாயம் கூடிய வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனால் குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவும். தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிற அறிகுறி அது. மிக அரிதாகவே வரும். ஆனால் வந்தால் நேரம் முக்கியம். ஜம்போளை, வேறு மருந்து, அதிக குடி என்பவை சேரும்போதுதான் இது வரும் சாத்தியம் கூடுகிறது. கர்ப்பமான பெண்களும், பிள்ளை பெற எண்ணியிருக்கும் பெண்களும் ஸ்டடின் போடுவதானால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

குளிசை போடும் நேரம் பற்றி ஒரு வார்த்தை. உடம்பு கொலஸ்ட்ரோலைக் கூடுதலாகத் தயாரிப்பது இரவில். அதனால் சிம்வாஸ்டடினை இரவில் போட வேண்டும். அட்டோவாஸ்டடின், ரோசுவாஸ்டடின் எந்த நேரமும் சரி, ஆனால் தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். ஒருநாள் மறந்துவிட்டால் அடுத்தநாள் இரண்டாகப் போடக் கூடாது. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அரச ஆஸ்பத்திரிகளில் இல்லாத மருந்துகளை மக்கள் வெளியில் வாங்கவேண்டி வந்தது. அப்படி ஒரு நிலை வந்தால், அக்காவின் குளிசையைத் தங்கச்சி பாதியாக உடைத்துப் போடாமல், இருப்பதில் எதைப் போடலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள். ஒரு ஸ்டடினுக்குப் பதில் இன்னொன்றை, அதற்கேற்ற அளவில், டாக்டரால் எழுதித்தர முடியும். தோட்டத்திலிருந்து கிளிநொச்சிக்கோ, அங்கிருந்து இங்கேயோ பத்து நாள் போய் நிற்பவர்கள், போகும் நாட்களை எண்ணி, அதற்கு மேல் இரண்டு மூன்று குளிசை கூடுதலாக எடுத்து, கிளினிக் கொப்பியையும் பையில் வையுங்கள். இடையில் சுகமில்லாமல் போனால், கொப்பியைப் பார்த்துத்தான் எந்த மருந்து, என்ன அளவு என்று அங்குள்ள டாக்டர் தெரிந்துகொள்வார்.